பட்டதாரி வாசனை

“காலேஜ் வாசல்ல கால் வச்ச எவனும் என் பட்டறை வாசல்ல கால் வைக்க முடியாது. பட்டதாரி வர்றான்னா பத்தடிக்கு முன்னாடியே எனக்கு வாசனை தெரிஞ்சிடும்!”

துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் மாஸ்டர் இதை ஒரு முறை சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் உலகம் மன்னித்திருக்கும். வாரத்துக்கு நான்கு முறை சொன்னார். கேட்க ஆள் இல்லாத நாளில் மோட்டாரிடம் சொன்னார்.

மாஸ்டர் எட்டாம் வகுப்போடு கல்விக்கு விடுதலை அளித்தவர். அவர் பள்ளியை விட்டாரா, பள்ளி அவரை விட்டதா என்பதில் இரு தரப்புக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. பிறகு பத்து வருடம் பிறத்தியார் இயந்திரங்களை முதுகில் சுமந்து மாடி ஏறினார். ஏறும் வழியெல்லாம் உள்ளே என்ன ஆடுகிறது, எது உரசுகிறது என்று காதால் கேட்டே தொழில் கற்றதாகச் சொல்வார். பாடத்தை முதுகெலும்புக்கு அவ்வளவு அருகில் வைத்துப் படித்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

பட்டதாரிகள் மேல் அவருக்கு இருந்த கோபத்துக்கும் காரணம் இருந்தது. சொந்தமாகப் பட்டறை போட்ட புதிதில் ஒரு பட்டதாரியைத்தான் வேலைக்கு வைத்தார். தண்ணீர் வெளியேறாத ஓர் இயந்திரத்தைக் காட்டி, “என்னன்னு பாருப்பா” என்றார். அவன் சாயங்காலம் வரை பார்த்தான். பிறகு முன்னுரை, சிக்கல், பரிந்துரை என்று தலைப்பிட்டு மூன்று பக்க அறிக்கை கொடுத்தான். மாஸ்டர் உள்ளே கையை விட்டு, குழாயை அடைத்துக்கொண்டிருந்த ஒற்றைக் காலுறையை உருவி, சொட்டச் சொட்ட அந்த அறிக்கையின் மேல் வைத்தார்.

அன்றிலிருந்து பட்டறையில் ஒரு நேர்முகத் தேர்வு முறை அமலுக்கு வந்தது. கேள்வி கிடையாது. கெட்டுப்போன ஓர் இயந்திரம், ஒரு திருப்புளி, அவ்வளவுதான். கழற்றிய ஸ்க்ரூக்களைக் கிண்ணத்தில் அடுக்கி வைத்தால் பட்டதாரி. வந்த வழியே போகலாம். வாயில் கவ்விக்கொண்டால் தொழிலாளி, உள்ளே வரலாம். இந்தப் பொறியில் பதினோரு பட்டதாரிகள் சிக்கினார்கள். ஒருவர் ஸ்க்ரூக்களை நீளவாரியாக வேறு பிரித்து வைத்தாராம்.

பதினோராவது ஆள் தன் அவமானத்தை வகுப்புத் தோழி ஒருத்தியிடம் புலம்பித் தீர்த்தான். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்க்ரூவை எந்தப் பக்க உதட்டில் கவ்வ வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

அவள் நிலைமை அப்படி. மின்னணுவியல் பட்டத்தோடு நாற்பத்தேழு இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டு, அக்கா வீட்டு சோபாவில் படுத்து எழுந்துகொண்டிருந்தாள். அக்கா புருஷன் தினமும் காலையில் செருப்பு மாட்டும்போது, “இன்னிக்கு எந்த ஆபீஸ்ல இருந்து பதில் வரப்போறதில்லை?” என்று அன்போடு விசாரிப்பார்.

மறுநாள் அவள் மாஸ்டர் முன் போய் நின்றாள். “எட்டாங்கிளாஸ், மாஸ்டர்” என்றாள். சொல்லாமலே தரையில் உட்கார்ந்தாள். ஆறு ஸ்க்ரூ கழற்றி ஆறையும் கவ்விக்கொண்டாள். மாஸ்டர் எதையோ கேட்டார். வாய் நிறைய இரும்பு இருந்ததால் “ம்ம்” என்றாள். அவருக்குக் கண் கலங்கியது.

“பாத்தீங்களாடா, இதுதான் தொழில் தெரிஞ்ச வாய்!” என்று மற்ற இரண்டு தொழிலாளிகளிடமும் காட்டினார். கால் மணி நேரத்தில் வேலை கிடைத்தது.

பிறகு பட்டறையில் சில அதிசயங்கள் நடந்தன. இயந்திரத்தின் மூளையான எலெக்ட்ரானிக் போர்டு செத்துவிட்டால், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவதுதான் அதுவரை அங்கே வழக்கம். இவள் செத்த போர்டுகளை ஒவ்வொன்றாக எழுப்பி உட்கார வைத்தாள். வேலை குவிந்தது. மாஸ்டர் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்: “படிச்சுக் கெடாத மூளைடா. அதான் இப்படி ஓடுது.”

ஏழாவது மாதம் ஒரு பேராசிரியர் தன் இயந்திரத்தோடு வந்து இறங்கினார். தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

“அட, நீயா! என்னம்மா இங்க? மாஸ்டர், இந்தப் பொண்ணு என் ஸ்டூடண்ட். எலெக்ட்ரானிக்ஸ்ல வகுப்புக்கே முதல்!”

அவள் வாயில் நான்கு ஸ்க்ரூ இருந்தன. மறுக்கவும் வழியில்லை. ஒன்று மட்டும் தரையில் விழுந்து, அந்த அமைதியில் வெகு நேரம் உருண்டது. இரண்டு தொழிலாளிகளும் மாஸ்டர் முகத்தைப் பார்த்தார்கள்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “சார், ஆள் மாறிப் போச்சு. இது எட்டாங்கிளாஸ்.”

“என்னய்யா சொல்றீங்க? என் கையால மார்க் போட்டிருக்கேன்!”

“ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்களாம் சார். மெஷினை வச்சிட்டுப் போங்க, சாயங்காலம் ரெடி. கண்ணாடியை ஒருதரம் மாத்திப் பாருங்க.”

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியேறினார். மாஸ்டர் இரண்டு தொழிலாளிகளையும் ஒரு டெலிவரிக்கு விரட்டிவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

“எத்தனை வருஷம்?”

அவள் ஸ்க்ரூக்களைக் கையில் எடுத்துக்கொண்டாள். “நாலு, மாஸ்டர்.”

“நாலா!” சிறைத் தண்டனையைக் கேட்டதுபோல் அதிர்ந்தார். “எதுக்கும்மா மறைச்சே?”

“மறைக்காம நாப்பத்தேழு இடத்துல கேட்டேன். எல்லாரும் அனுபவம் இருக்கான்னு கேட்டாங்க. இங்க மறைச்சேன், நீங்க அனுபவத்தையே குடுத்துட்டீங்க.” சற்று நிறுத்தினாள். “படிச்சதை வச்சுத்தான் போர்டு எல்லாம் பாத்தேன், மாஸ்டர். நாளைக்கு வரவா, வேண்டாமா?”

மாஸ்டர் பேராசிரியரின் இயந்திரத்தைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தைக் கழற்றினார். போர்டு கருகியிருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார். முறை வைத்துக் காத்திருக்கும் போர்டுகள் முப்பதுக்கு மேல் இருக்கும். கையிலிருந்ததை அவள் மடியில் வைத்துவிட்டு, வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“உன் செட்டுல வேலை இல்லாம இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?”

“ஒன்பது பேர், மாஸ்டர்.”

“ரெண்டு பேரை நாளைக்குக் கூட்டிட்டு வா.” குரலை இன்னும் தாழ்த்தினார். “எட்டாங்கிளாஸ்னு சொல்லச் சொல்லு.”