உதட்டில் பேசிய ரகசியம்

இங்கிலாந்தின் பர்ன்லி ஊர்த் தறிக்கூடத்துப் பெண்கள் காதை நம்பிப் பேசுவதில்லை. அத்தனை இயந்திரத் தறிகளும் ஒன்றாக இடிக்கும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் சத்தமே எழுப்பாமல் வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் செய்து காட்டுவார்கள். யாருக்குப் பிரசவம், யார் வீட்டில் அடிதடி என்பதெல்லாம் அப்படியே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வந்து சேர்ந்துவிடும். வெளியே வந்த பிறகும், ரகசியம் என்றால் அந்தப் பேச்சுதான்.

கெசாயா சிறுமியாக அந்தக் கூடத்துக்குள் போனவள். அங்கேயே நெய்துகொண்டிருந்த ஈனோக்கைக் கட்டிக்கொண்டாள். அவன் குடித்தான், அடித்தான், ஒருநாள் சொல்லாமல் ஊரைவிட்டே போனான். அவள் ஒருத்தியாக உழைத்து மகள் டார்க்கஸை வளர்த்தாள். மகளுக்கு ஒன்பது வயதாகி, ஆலை வேலைக்கு எடுத்துக்கொள்ளும் பருவம் வந்ததும் ஈனோக்கும் வந்தான்.

"பொண்ணை ஓல்டாமுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க மில்லுல சேர்த்துவிடணும்."

"வளர்த்தவ நான் இருக்கேன்."

"இருந்துக்கோ. சட்டத்துக்குப் பிள்ளை அப்பனோடது. சந்தேகம்னா போலீஸ்காரனைப் போய்க் கேளு."

கேட்க வேண்டியதில்லை. அந்தத் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த சட்டம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்து வாசலில் தோழி பெனினாவைப் பார்த்ததும் கெசாயா உதட்டைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமை காலை சரக்கு வண்டியில் டார்க்கஸைப் பேக்கப் ஊரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பப் போகிறேன், யாரிடமும் மூச்சுவிடாதே என்றாள். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்த ஈனோக் சிரித்துக்கொண்டே தெருவைக் கடந்து வந்தான்.

"செவ்வாய்க்கிழமை வண்டியில எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வையேன். என்னடி முழிக்கிற? உங்க வாயைப் பார்த்தே இத்தனை வருஷம் தறி ஓட்டினவன் நான். நாளைக்கே பொண்ணை ரெடி பண்ணு."

அவன் போனதும் பெனினா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, அவனும் நம்ம கூடத்து ஆளுதான்னு ரெண்டு பேருக்குமே தோணலையே!"

கெசாயாவுக்கு வேறு போக்கிடம் தெரியவில்லை. ஆலை முதலாளி ஆர்மரோட் வீட்டின் சமையல்கட்டுக் கதவைத் தட்டி, முதலாளியின் மனைவியைப் பார்க்க வேண்டும் என்று நின்றாள். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"என் பையனை ஏழு வயசுல விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாங்க. வண்டி போன அப்புறம்தான் எனக்குச் சொன்னாங்க. எங்கப்பா எனக்குன்னு குடுத்த வீடுகூட இப்ப என் வீட்டுக்காரர் பேர்லதான் இருக்கு. நான் எந்தச் சட்டத்தை எடுத்து உனக்குக் குடுக்கிறது?"

பட்டுப் பாவாடைக்குள் இருப்பவளும் தன்னைப் போலத்தானா? கெசாயா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் புருஷனுக்குப் பிள்ளை வேணுமா, அவ கூலி வேணுமா?"

"கூலிதாம்மா. பிள்ளைக்கு என்ன வயசுன்னுகூட என்னைத்தான் கேட்டான்."

"இந்த வீட்டுல நானா முடிவு பண்றது ஒண்ணே ஒண்ணு, யாரை வேலைக்கு வைக்கிறதுங்கிறது. அவ இங்க சமையல்கட்டுல இருக்கட்டும். கூலியை அவன் வாங்கிக்கட்டும். பிள்ளை ஊரைவிட்டுப் போகாது."

வீட்டு வேலைக்குப் போவது தறிக்காரிகளுக்கு மானக்கேடு. அடுத்தவள் மணியடித்தால் ஓடுகிற பிழைப்பு என்று கெசாயாவே எத்தனை பேரைக் கிண்டல் செய்திருக்கிறாள்! மகளை இன்னொரு வீட்டுக் கூரையின் கீழ்தான் தூங்கவிட வேண்டும். உதவியா, விலையா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"சரிங்கம்மா" என்றாள்.

சாப்பாட்டுச் செலவில்லாமல் கூலி வரும் என்று தெரிந்ததும் ஈனோக் மறுபேச்சு பேசவில்லை. மகளின் கூலியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஓல்டாமுக்குத் தனியாகப் போனான்.

அடுத்த வாரம் தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி கேட்டாள். "ஏண்டி கெசாயா, தறிக்காரி மவ முதலாளி வீட்டுல தட்டு கழுவுறாளாமே?"

கெசாயா வாளியை நிரப்பித் தூக்கினாள். "கழுவட்டும். நான் நடந்து போய்ப் பார்க்கிற தூரத்துலதானே கழுவுறா."