பேய் டாக்டர் வீட்டுச் சத்தம்

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்றரை மணி. கண்ணாடிக் கடையில் அவள் ஒரு வாடிக்கையாளருக்குப் புது ஃபிரேமை மாட்டிவிட்டு, காதோரம் இறுக்குகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கைபேசியில் பேசியவன் கணவரோடு வேலை பார்க்கும் லிஃப்ட் மெக்கானிக். எல்லோரும் அவனைக் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். "அண்ணி" என்றான். அதை அவன் சொன்ன விதமே போதுமாக இருந்தது. அவளுக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, டப்பாவை மூடி வைத்துவிட்டு, லிஃப்ட் மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த கணவர், உட்கார்ந்த வாக்கிலேயே போய்விட்டார்.

வாழ்நாளெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவர்தான். ஆனால் பாதிப் பேருக்கு அவரைப் பேய் டாக்டர் என்றால்தான் தெரியும். பட்டம் கொடுத்ததும் கிரீஸ்தான். ஓர் அலுவலகத்தில் சாயங்காலமானால் லிஃப்ட் தானாக நாலாம் மாடிக்குப் போய், கதவைத் திறந்து, சற்று நின்றுவிட்டு இறங்கும். அந்த மாடியில் வேலை பார்த்த ஒருவர் அப்போதுதான் இறந்திருந்தார். ஆட்கள் படியேறத் தொடங்கிவிட்டார்கள். இவர் போய்ப் பார்த்தார். சாயங்காலம் துடைக்கும் ஈரத்துணியின் தண்ணீர் அந்த மாடிப் பொத்தானுக்குள் இறங்கி, விரல் இல்லாமலே அதை அழுத்திக்கொண்டிருந்தது.

அதிலிருந்து வீடுகளுக்கும் அழைப்பு வர ஆரம்பித்தது. விடுமுறை நாளில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். போன இடத்தில் யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டார். "சத்தமா, உருவமா, வாடையா, இல்ல மேல ஏறி அமுக்குதா?" என்று வைத்தியர் மாதிரி விசாரிப்பார். விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண், விடிகாலையில் ஏதோ நெஞ்சில் உட்கார்ந்து அமுக்குகிறது, கத்தவும் முடியவில்லை என்று அழுதாள். "உடம்புக்கு முன்னாடி புத்தி முழிச்சுக்குதும்மா. உடம்பு வந்து சேர்ற வரைக்கும் பயப்படாமக் காத்திரு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கதவோரம் யாரோ நிற்கிறார்கள், திரும்பினால் காணோம் என்று வேறொரு வீட்டில் சொன்னபோது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார். "கண்ணோட ஓரத்துக்கு அசைவு தெரியும், முகம் தெரியாது. முகத்த நாமளே போட்டுக்குறோம்" என்றாள் அவள். அதற்குப் பிறகு போகிற வீட்டிலெல்லாம் அதைத் தன் சொந்தச் சரக்கு போல அவிழ்த்துவிட்டார். தங்கைக்கு விபத்து நடந்ததை, போன் வருவதற்கு முன்பே தெரிந்துகொண்டதாகச் சொன்ன ஒரு பெண்ணிடம், "இது எனக்குத் தெரியலம்மா" என்று கையை விரித்துவிட்டு வந்ததையும் அவர் மறைத்ததில்லை.

"ஊரான் வீட்டுப் பேயெல்லாம் ஓட்டுறீங்க. இங்க ஒரு கரப்பான்பூச்சியப் பார்த்தா கட்டில் மேல ஏறி நிக்கிறீங்க" என்பாள் அவள்.

"பேய் மூஞ்சில வந்து உக்காராதுடி. அது உக்காரும்."

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு, வீட்டில் அவளும் மகளும் மிஞ்சினார்கள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இருட்டத் தொடங்கும் நேரத்தில், குளியலறைப் பக்கமிருந்து ஒரு கனைப்பு. கதவில் சாவி போடுவதற்கு முன் அவர் தொண்டையைச் சரிசெய்துகொள்வாரே, அச்சு அசல் அதே மாதிரி. கேட்டதும் அவள் எழுந்து போய் டீ போடுவாள். இரண்டு டம்ளர்.

மகள் டீயே குடிப்பதில்லை. சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து போவதை மூன்றாவது முறையும் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா இது?" என்றாள். அம்மா ஒரு டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தாள். அன்றே மகள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அம்மாவைத் தனியாக விட்டுப் போக முடியாது. வீட்டைக் காலி செய்து, தன்னோடு அழைத்துப் போய்விட வேண்டும். அதற்கு முன்னால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அம்மாவுக்குக் கண்ணால் காட்டிவிட்டால் அவளும் ஒரு வழிக்கு வருவாள் என்று நினைத்து, கிரீஸுக்குப் போன் போட்டாள்.

மறுநாள் மாலை அவன் பையோடு வந்தான். "என்ன சித்தப்பா, கண்டுபிடிச்சிருவீங்களா?" என்றாள் மகள்.

"நான் கம்பவுண்டர்தான். டாக்டர் இல்லாத நேரத்துல ஏதோ பாக்குறேன்" என்றபடி கைகழுவும் தொட்டிக்குக் கீழே மண்டியிட்டான். குழாய்களை மறைத்திருந்த பிளாஸ்டிக் மூடிக்கு நான்கு திருகுகள். இரண்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். மூன்றாவதில் திருப்புளியை வைத்தவன், திருகாமல் நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணி, அண்ணன் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. அதக் கேக்காமக் கழட்டினா எனக்குக் கை ஓடாது."

"என்ன கேள்வி? எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"சொல்லிருக்க மாட்டாரு. ஒரு பெரியவர் வீட்டுல ஜன்னல் டொக்கு டொக்குன்னு தட்டிட்டே இருந்துச்சு. அண்ணன் போயி ஒரு துண்டு ரப்பர வச்சு நிறுத்திட்டாரு. அடுத்த நாள் அந்த மனுஷன் போன் பண்ணி அழறாரு. அவரு சம்சாரம் வளையல் கையால பாத்திரம் தேய்க்கிற மாதிரியே இருக்குமாம் அந்தச் சத்தம். திருப்பி வச்சுக் குடுங்கன்னாரு. அண்ணன் ரப்பர எடுத்துப் பார்த்தாரு, கம்பிய வளைச்சுப் பார்த்தாரு. மறுபடி அந்தச் சத்தம் வரவே இல்ல. அதுலருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்டுட்டுத்தான் கை வைப்பாரு. இது போகணுமா, இருக்கணுமான்னு."

மகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லாயிருக்கு சித்தப்பா! இருக்கணும்னுதான் சொல்லுவாங்க. எங்கேருந்து வருதுன்னு காட்டத்தானே உங்கள வரச் சொன்னேன். எங்கம்மா செத்துப் போனவருக்கு டீ போட்டுக்கிட்டு இருக்காங்க!"

அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

அம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "மேல் வீட்டுல புதுசா வாங்கின துணி துவைக்கிற மெஷின இந்த நேரத்துக்குப் போடுறாங்க. அந்தத் தண்ணி மொத்தமா இறங்கும்போது குழாயில இருக்குற காத்து நம்ம பக்கம் வந்து குமுறுது. அதான் சத்தம்."

மகள் திகைத்தாள். "உனக்குத் தெரியுமா?"

"முத நாளே தெரியும். மேல ஏறிப் போயி, மெஷின் எத்தனை மணிக்குப் போடுறீங்கன்னு கேட்டுட்டு வந்தேன். பேய் டாக்டர் கூட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிட்டு, இதுகூடத் தெரியலைன்னா அந்த மனுஷனுக்கு என்ன மரியாதை?"

"அப்ப அந்த டீ?"

அம்மா தன் கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். "காதுக்குச் சொல்லிட்டேன். கை இன்னும் கேக்க மாட்டேங்குது."

மேலே தண்ணீர் இறங்கும் சத்தம் சுவருக்குள் ஓடிவந்தது. பிறகு மூடிக்குப் பின்னாலிருந்து அந்தக் கனைப்பு. அருகில் நின்று இதுவரை அதைக் கேட்டிராத மகள் சட்டென்று வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். குலுங்கிய அவள் முதுகை அம்மா தடவிக்கொடுத்தாள்.

"அண்ணனுக்குக் கொஞ்சம் சளி கட்டியிருக்கு போல" என்றான் கிரீஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அம்மா சிரித்துவிட்டாள்.

"இருக்கட்டும் சித்தப்பா" என்றாள் மகள், தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே. பிறகு அம்மாவிடம், "நீ எப்ப வரணும்னு தோணுதோ, அப்ப வா. ஆனா தினம் போன் எடுக்கணும்" என்றாள்.

மூடியைத் திரும்ப மாட்டலாம் என்று கிரீஸ் குனிந்தபோது அவன் கைபேசி அடித்தது. எங்கோ ஒரு கட்டடத்தில், லிஃப்டுக்குள் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். "வர்றேன் அண்ணி" என்று பையை வாரிக்கொண்டு ஓடினான். மகள் ஊருக்குத் திரும்பி இப்போது ஒரு மாதமாகிறது. கழற்றிய திருகுகள் அவன் சட்டைப் பையோடே போய்விட்டதால், தொட்டிக்குக் கீழே அந்த மூடி இன்னும் இரண்டு திருகில்தான் நிற்கிறது.