வளையம் கொடுக்காமல் கிளம்பும் ரயில்

நகரத்து ரயில்களின் முதல் குறை, அவற்றுக்குக் கதவு இருப்பது. எங்கள் மலைநாட்டுப் பதுளை ரயிலுக்கும் கதவு உண்டுதான். ஆனால் அதை யாரும் மூடி நான் பார்த்ததில்லை. காலைத் தொங்கப்போட்டு உட்கார ஒரு வாசல், அவ்வளவுதான் கதவு. வெளியூர்களில் அது தானாகத் திறக்கிறது, தானாக மூடுகிறது, நடுவில் ஒரு பொம்பளைக் குரல் வந்து கவனம் கவனம் என்று புத்தி சொல்கிறது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. ஒரு வாசலில் ஏறி இறங்க எனக்குப் பின்னணிக் குரல் வேண்டுமா?

நான் மூன்று ஊர் ரயில் பார்த்தவன். பதுளை ஸ்டேஷன் பக்கத்தில் போட்டோகாப்பிக் கடை வைத்திருக்கும் ஒருவனுக்கு இது பெரிய தகுதி. அடையாள அட்டைக்கு ஒரு பிரதி எடுக்க வருகிறவர்களுக்கு என் உலக ரயில் விமர்சனமும் சேர்த்துத்தான் கிடைக்கும். அவசரக்காரர்கள் அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

முதலில் சிங்கப்பூர். தம்பியைப் பார்க்க மெல்பர்ன் போகிற வழியில் அங்கே அரை நாள் கிடைத்தது. சரி, ஊர் ரயிலைப் பார்ப்போம் என்று ஏறி, நேரே முன்பக்கம் போனேன். டிரைவர் இல்லை. டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பிள்ளை கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றது. வண்டி அதுபாட்டுக்குப் போகிறது! தாமதமானால் யாரைத் திட்டுவது? "தாமதமே ஆகாது" என்று பக்கத்திலிருந்தவர் பெருமையாகச் சொன்னார். அப்படியானால் அந்த ஊர் ஸ்டேஷன்களில் மனிதர்கள் எதைப் பற்றித்தான் பேசிக்கொள்வார்கள், பாவம்.

மெல்பர்னில் ட்ராம். அது ரயிலாகப் பரீட்சை எழுதி பஸ்ஸாகப் பாஸான வண்டி. தெரு நடுவில் மணி அடித்துக்கொண்டு வருகிறது. சிவப்பு விளக்கைப் பார்த்ததும் கார்களோடு கார்களாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. தண்டவாளத்தில் ஓடுகிற ஒன்றுக்கு இது அவமானமில்லையா? எங்கள் லைனில் எல்ல என்ற ஊரில் வெள்ளைக்காரர்கள் படம் பிடிக்கத் தண்டவாளத்தில் நின்றால் எங்கள் ரயில் போடுகிற கூச்சலில் அவர்கள் தேயிலைக்குள் பாய்கிறார்கள். அதுவல்லவோ ரயில். தம்பி மட்டும், "டவுனுக்குள்ள டிக்கெட்டே வேணாண்ணே, ஃப்ரீ" என்று நெஞ்சை நிமிர்த்தினான். "நம்ம லைன்லயும் பாதிப் பேருக்கு ஃப்ரீதான்டா" என்றேன். அதற்குப் பிறகு அவன் என்னை ட்ராமில் கூட்டிப்போகவில்லை.

மூன்றாவது சென்னை. அங்கேதான் என் வாய் அடங்கியது. இரண்டு நாளைக்கு.

சென்னைக்குப் போனது ரயில் பார்க்க அல்ல, மனைவியின் கண்ணுக்காக. அவள் நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இடது கண் பிறந்ததிலிருந்தே உதவாது. வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும் சொல்லும். இருபது வருடமாக வலது கண் ஒன்றை வைத்துத்தான் பிள்ளைகளின் கொப்பி திருத்தினாள். அந்தக் கண்ணில் புரை விழுந்தது. சென்னையில் அவளுடைய அக்கா இருக்கிறாள். "இங்க வந்து பாத்துக்க" என்றாள், போனோம். ஆபரேஷன் முடிந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குக் கட்டைப் பிரிக்க வரச் சொன்னார்கள். அதுவரை கண்ணில் யாரும் இடித்துவிடக் கூடாது, குனியக் கூடாது. பார்வை திரும்புமா என்பது கட்டைப் பிரித்தால்தான் தெரியும்.

அக்காவின் புருஷன், என் சகலை, மெட்ரோ பக்தர். சாப்பிட உட்கார்ந்தாலும் மெட்ரோ, படுக்கப் போனாலும் மெட்ரோ.

"உங்க ஊருக்கு இதெல்லாம் வர இன்னும் நூறு வருஷம் ஆகும் சகல."

"வராம நாங்க பாத்துக்குறோம் சகல."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு நானும் கூட வர்றேன். இல்லேன்னா கார் புக் பண்றேன். கண்ணு கட்டோட அவங்கள மெட்ரோல தனியா கூட்டிப் போகாதீங்க" என்றார். தனியாவா? நான் ஆள் இல்லையா? "மெல்பர்ன்ல ட்ராம் ஏறுனவன் சகல நான்" என்று அவர் வாயை மூடினேன். அந்த வாய் மூடாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் மெட்ரோவில் அவளை ஓரச் சீட்டில் உட்கார வைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். இரண்டு பேரின் டிக்கெட், பாஸ்போர்ட், பைல், காசு, போன் எல்லாம் என் கழுத்துப் பையில். அவள் கையில் ஒன்றுமில்லை, என் சட்டை ஓரத்தைத் தவிர. மூன்றாவது ஸ்டேஷனில் வண்டி நின்றது. எனக்குக் கால் துறுதுறுத்தது.

இதை விளக்க வேண்டும். எங்கள் மலை லைனில் ஒற்றைத் தண்டவாளம். அடுத்த ஸ்டேஷன்வரை பாதை காலி என்பதற்கு அடையாளமாக, ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பெரிய வளையத்தை எஞ்சின் டிரைவர் கையில் கொடுப்பார். அது கை மாறாமல் வண்டி அசையாது. அதனால் ஆம்பளைகள் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்குவோம். ஒரு பிளேன்டீ, ஒரு வடை, நாலு வார்த்தை, ஒரு கண் மட்டும் வளையத்தின் மேல். வளையம் போனதும் கார்ட் பச்சைக் கொடி காட்டுவார், வண்டி உருளும், நாங்களும் கூடவே இரண்டு எட்டு நடந்து ஏறிக்கொள்வோம். நிற்கிற ரயிலில் ஏறுவது பயந்தவர்கள் வேலை. இந்தப் பழக்கம் எனக்கு எலும்பில் ஊறியது.

எழுந்தேன்.

"எங்க போறீங்க?"

"சும்மா, காத்து வாங்க."

"பூமிக்கு அடியில என்ன காத்து? உக்காருங்க பேசாம."

"வளையம் குடுக்குறாங்களான்னு பாத்துட்டு வந்துர்றேன்" என்று நக்கலடித்துக்கொண்டே ஒரு கால் வெளியே வைத்தேன். பிறகு மற்றக் காலையும் வைத்தேன். பொம்பளைக் குரல் ஏதோ சொன்னது. நீ யாரடி எனக்குச் சொல்ல என்று நினைத்தேன். கதவு மூடியது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் கை, என் சட்டை இருந்த இடத்தில் வெறும் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. பிறகு அந்த ஜன்னல் நகர்ந்தது, அடுத்த ஜன்னல், அடுத்தது, பிறகு இருட்டு.

அப்போது நான் என்ன செய்தேன் என்று கேட்டால், பிளாட்பாரத்துக் கண்ணாடியைப் படபடவென்று அடித்தேன். அவள் பெயரைச் சொல்லி அந்தக் கண்ணாடியிடம் மன்னிப்புக் கேட்டேன். காவலுக்கு நின்ற ஒருவர் ஓடி வந்தார்.

"சார், அடிக்காதீங்க. அடுத்த வண்டி மூணு நிமிஷம். அதுல போங்க, அடுத்த ஸ்டேஷன்ல இருப்பாங்க."

மூணு நிமிஷம்! எங்கள் பக்கத்தில் அடுத்த ரயில் மூணு நிமிஷம் என்றால், சோறு கட்டிக்கொண்டு வா என்று அர்த்தம். இந்தக் கதையெல்லாம் என்னிடம் வேண்டாம். பதுளையில் ரயிலைத் தவறவிட்டவன் என்ன செய்வான்? ரோட்டுக்கு ஓடுவான். ஆட்டோ பிடித்து அடுத்த ஸ்டேஷன் ஹாலிஎலையில் போய் வண்டிக்கு முன்னால் நிற்பான். தெமோதரையில் ஆட்டோகூட வேண்டாம். ரயில் ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைந்து, மலையைச் சுற்றி, மேலே அதே ஸ்டேஷனுக்கு வருவதற்குள் குறுக்கு வழியில் ஏறிப்போய் மூச்சு வாங்கக்கூட நேரமிருக்கும். நான் படி படியாகத் தாவி ரோட்டுக்கு ஓடினேன்.

"ஆட்டோ! ரயிலப் புடிக்கணும்!"

"எந்த ரயிலு சார்?"

"கீழ போகுதே, அது!"

டிரைவர் குனிந்து ரோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பூமிக்கு அடியில போற வண்டிய நான் எப்படி சார் தொரத்துறது?"

"அடுத்த ஸ்டேஷனுக்கு வுடுங்க தம்பி, என் சம்சாரம் கண்ணு கட்டோட போறா!"

"சம்சாரமே போயிட்டாங்களா? ஏறு சார்" என்று முறுக்கினார். நூறு அடி போனோம். சிவப்பு விளக்கு. முன்னால் தண்ணீர் லாரி, பின்னால் பஸ், இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள். பச்சை வந்தது, போனது, நாங்கள் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். மெல்பர்ன் ட்ராம் அப்போது என்னைப் பார்த்திருந்தால் மணி அடித்துச் சிரித்திருக்கும். என் மண்டைக்குள் ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு காட்சி ஓடியது. அவள் தடுமாறி இறங்குகிறாள், யாரோ முழங்கையால் கண்ணில் இடிக்கிறான். அடுத்த சிவப்பில் அவள் இறங்கவேயில்லை, கடைசி ஸ்டேஷன்வரை போய் அதற்கும் அப்பால் போகிறாள். மெட்ரோவுக்கு அப்பால் என்ன இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி டிக்கெட் கேட்டுக்கு ஓடினேன். மெட்ரோ சீருடை போட்ட ஒரு பெண்பிள்ளை வழி மறித்தது.

"சார், நீங்க பதுளையா?"

"ஆமாங்க. எப்படித் தெரியும்?"

"கீழ ஒரு மேடம் சொன்னாங்க. என் வீட்டுக்காரர் ரயில்ல வர மாட்டாரு, ரோட்டு வழியா வேர்த்துக் கொட்டிக்கிட்டு ஓடி வருவாரு, கழுத்துல பை இருக்கும், வந்தா திட்டாம உள்ள விடுங்கன்னாங்க."

அவள் பிளாட்பாரத்து பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டு அப்படியே இருந்தது. யாரோ வாங்கிக் கொடுத்த தண்ணீர்ப் போத்தல் மடியில். நான் மூச்சிரைக்கிற சத்தத்தைக் கேட்டதும் முகத்தைத் திருப்பினாள்.

"எட்டு வண்டி வந்து போச்சுங்க. சத்தத்த வச்சு எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒண்ணுலயும் நீங்க இருக்க மாட்டீங்கன்னு தெரியும்."

"எப்படி எறங்குனே நீ? யாராச்சும் இடிச்சாங்களா?"

"அந்தக் குரல்தான் சொல்லுச்சே, அடுத்த ஸ்டேஷன் இது, கதவு இடது பக்கம்னு. கைய நீட்டுனேன், ஒரு பொண்ணு புடிச்சு எறக்கி விட்டுச்சு. நீங்க பக்கத்துல இருந்திருந்தா அந்தக் குரலக் காதுல வாங்க விட்டிருக்கவே மாட்டீங்க." போத்தல் மூடியைத் திருகி மூடினாள். "கண்ணு தெரியாம கைய நீட்டுனா ஆள் இல்ல. அது மட்டும் நல்லால்லங்க."

சட்டை ஓரத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அடுத்த வண்டி மூன்று நிமிடத்தில் வந்தது. வேண்டுமென்றே வந்த மாதிரி இருந்தது. கதவு மூடும்வரை நான் கண்ணைக்கூட அசைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தாமதத்துக்கு நர்ஸ் என்னைத் திட்டினார். திட்ட ஆள் இருந்தது ஒரு ஆறுதல். கட்டைப் பிரித்து, கண்ணைத் துடைத்து, "மெதுவா தொறங்கம்மா, என்ன தெரியுது?" என்றார் டாக்டர். அவள் சுவரிலிருந்த எழுத்துகளைப் பார்க்கவில்லை. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"பட்டன மாத்திப் போட்டிருக்காரு டாக்டர். காலையிலேர்ந்தே இப்படித்தான் சுத்தியிருக்காரு."

ஊர் திரும்புகிற அன்று, கொழும்பிலிருந்து வந்த ரயில் தெமோதரையில் நின்றது. மெட்ரோவைப் பற்றிய என் கருத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை, அது ரயிலே இல்லை. வழக்கம்போல இறங்கினேன், வடைக்காரரிடம் கையை நீட்டினேன். பின்னால் ஜன்னலிலிருந்து அவள் குரல் வந்தது, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, சென்னையில் கேட்ட அதே ராகத்தில்.

"வளையம் குடுத்தாச்சு. கதவு இடது பக்கம்."

எட்டிப் பார்த்தேன். எனக்கே சரியாகத் தெரியாத தூரத்தில், எஞ்சின் பக்கம், ஸ்டேஷன் மாஸ்டர் வெறுங்கையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். வடையை விட்டுவிட்டு ஏறினேன்.