சீசாவில் வெளுத்த கடல்

போன வாரம் சித்தூரில் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் ஒரே ஒரு மஞ்சள் மீன் சுற்றிக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டபோது, பக்கத்தில் இருந்தவரை முதலில் போகச் சொல்லிவிட்டேன். பயம் என்று நினைத்திருப்பார். அதுவும் கொஞ்சம் உண்டு.

வெள்ளைக்காரர் காலத்தில் இதே ஊர் மிஷன் பள்ளியில் படித்தேன். எங்களுக்குக் கடல் என்றால் அலமாரியில் இருந்த ஐந்தாறு சீசாக்கள்தான். நட்சத்திர மீன், கடல் குதிரை எல்லாம் ஸ்பிரிட்டில் ஊறி, சுண்ணாம்பாக வெளுத்துக் கிடக்கும். மூடியைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாசனை. கடலுக்குள் எல்லாமே வெள்ளை என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன்.

"அசடே, ஊறி ஊறிச் சாயம் போயிருக்கும்டி" என்பாள் ரங்கநாயகி.

அவள் திருப்பதிப் பெண். அப்பாவுக்குக் கோயிலில் கைங்கரியம். சித்தூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்தாள். என் அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. நைனா மாலையில் வருவார், சாப்பிடுவார், ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்துவிடுவார். ஒரு நாளில் நான் பேசுவதெல்லாம் ரங்கநாயகியிடம்தான்.

பட்டணத்துக் கடற்கரையில் இருந்த மீன் காட்சிசாலைக்கு எங்களை அழைத்துப்போவதாகப் பள்ளியில் சொன்னார்கள். "போயிட்டு வாம்மா. கூட்டத்துல தனியா நின்னுடாத" என்றார் நைனா. அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ரங்கநாயகியின் அப்பா சம்மதிக்கவில்லை.

"நீ போயிட்டு வா. எது எந்த நிறம்னு பாத்துண்டு வந்து நேக்குச் சொல்லு" என்றாள். அழவில்லை.

காட்பாடியில் வண்டி மாறிப் போனோம். காட்சிசாலைக்குள் இருட்டு; தொட்டிகளில் மட்டும் வெளிச்சம். சிவப்பு நட்சத்திர மீன் ஒன்று கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. அதன் அடியில் நூல் நூலாக நூற்றுக்கணக்கான கால்கள், ஒவ்வொன்றாக ஒட்டி, விட்டு, மறுபடி ஒட்டின. 'குழாய்க்கால்களால் நகரும்' என்று நெட்டுருப் போட்டிருந்த வரி அங்கேதான் எனக்குப் புரிந்தது. சொல்வதற்காகச் சட்டென்று பக்கத்தில் திரும்பினேன். யாரோ ஒரு அம்மாள் நின்றிருந்தார்.

ஊர் திரும்பியபோது ரங்கநாயகியின் இடம் காலி. கல்யாணம் நிச்சயமாகி, திருப்பதிக்கு அழைத்துப்போயிருந்தார்கள்.

லீவு விட்டதும் நைனாவை நச்சரித்துத் திருப்பதிக்குப் போனேன். அவர் தெருமுனையிலேயே நின்றுகொண்டார். ரங்கநாயகி பட்டுப்புடவையில் வாசற்படிக்கு வந்தாள். அடையாளமே தெரியவில்லை.

"சொல்லுடி, சீக்கிரம்."

"நட்சத்திர மீன் செவப்பு. செம்பருத்தி மாதிரி. காலாலயே கண்ணாடி மேல ஏறிக்கினு இருந்துச்சு."

"மேலயா? வழுக்கலையா?"

பதில் சொல்வதற்குள் உள்ளிருந்து கூப்பிட்டார்கள். "அப்பறம் சொல்லு" என்று போய்விட்டாள். பிறகு கும்பகோணம் பக்கம் குடித்தனம் போனதாகக் கேள்வி. அந்த அப்பறம் வரவேயில்லை.

நான் அதே பள்ளியில் டீச்சரானேன். என் வகுப்புப் பெண்களையும் பட்டணம் அழைத்துப்போக ஆசைப்பட்டேன். அதற்குள் யுத்தம் வந்தது. குண்டு விழும் என்று காட்சிசாலையை மூடிவிட்டார்கள். நானும் அந்தச் சீசாக்களைக் காட்டித்தான் பாடம் நடத்தினேன். நிறங்களை மட்டும் வாயால் சொன்னேன்.

பல வருஷம் கழித்து, தனியாக அந்தக் கடற்கரைக்குப் போனேன். இடம் பிடிபடவில்லை. சுண்டல் விற்றவரிடம், "இங்கே மீன் காட்சிசாலை இருந்ததே?" என்று கேட்டேன்.

"மீனா? அந்தாண்ட குப்பத்துல விப்பாங்கம்மா" என்றார்.

விளக்கிச் சொல்லத் தோன்றவில்லை. அவர் கைகாட்டிய பக்கமே நடந்தேன்.