முனகாத லாரி

ஈப்போ வீட்டு வாசலில் மகன் லாரியின் பின்னச்சு எண்ணெயை வடித்தான். கூமுட்டை நாற்றம் அடித்ததும் என் அம்மா நினைவுக்கு வந்தாள். அவள் நாறியவள் இல்லை, நாற்றத்தைக் கண்டுபிடித்தவள்.

தோட்ட வேலையை விட்டுச் சொந்த லாரி ஓட்ட அப்பா துடித்த காலம். தைப்பிங் வியாபாரி காட்டிய கிழட்டு லாரி சத்தமில்லாமல் பூனைபோல ஓடியது. உடனே வாங்கப் போன அப்பாவை அம்மா தடுத்தாள்.

"இத்தன வயசாகியும் ஒரு முனகல்கூட இல்லையே. பின்னச்சு மூடியத் தொறந்து எண்ணெயக் காட்டுங்கண்ணே."

திறந்தால் எண்ணெயோடு வாழைப்பழக் கூழ் வழிந்தது. தேய்ந்த பல்சக்கரங்கள் அலறாமலிருக்க வியாபாரி திணித்திருக்கிறார்!

"ஏண்ணே, லாரி பீசாங் கோரேங் கேட்டுச்சா?" என்று வாழைப்பழ பஜ்ஜியைச் சொல்லி அம்மா மடக்கினாள்.

அப்பா தப்பித்தார்.

"சத்தம் கொறைய மருந்து ஊத்தவாம்மா?" இப்போது வாசலில் மகன் ஒரு புட்டியைக் காட்டினான்.

"வேணாம்லா. கத்துனா என்ன கொறைன்னு பாரு. நான் கத்துனா மருந்தா ஊத்துற?"

"ஒங்களுக்கு மருந்து இன்னும் கண்டுபுடிக்கலம்மா" என்றபடி புட்டியை மூடி வைத்தான்.