மாதிரி பார்த்து வாங்கிய பட்டம்

என் அப்பா எதையும் மாதிரி பார்க்காமல் வாங்கமாட்டார். கண்டியில் திருகோணமலைத் தெருவில் அவருக்கு அரிசிக் கடை. ரங்கூன் அரிசி வந்து இறங்கியதும் குத்தூசியை எடுத்து மூட்டையின் வயிற்றில் செருகி இழுப்பார். அதன் பள்ளத்தில் சேர்ந்து வந்த அரிசியை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, இரண்டு மணியைக் கடித்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் விலைப் பேச்சு. சேலை வாங்கினாலும் முந்தானை ஓரத்தை நனைத்துக் கசக்கிப் பார்க்கிற மனிதர், என் படிப்பை மட்டும் சும்மா வாங்கிவிடுவாரா? அவரும் மாதிரி கேட்டார். அன்றைக்கு எனக்கு மானம் போய்விட்டதாகத் தோன்றியது. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த பிறகு கோபமும் வருகிறது.

முப்பதுகளின் தொடக்கம் அது. ஆண்பிள்ளைகளின் பாடசாலைகளில் பௌதிகமும் ரசாயனமும் இருந்தன. எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் என்றால் பொட்டனி என்கிற தாவரவியல் ஒன்றுதான். பூவைப் பிய்த்து இதழ் எண்ணுவதுதான் பெண்களுக்கு ஏற்ற வேலை என்று நினைத்தார்களோ என்னவோ. நான் அதில் தலைகுப்புற விழுந்துவிட்டேன். எங்களைப் பேராதனைத் தோட்டத்துக்கு அழைத்துப் போகும் நாட்களில், திரும்பி வரும்போது என் சப்பாத்து முழுக்கச் சேறும் கைநிறையக் காய்களுமாக இருக்கும். ஜாதிக்காயைப் பிளந்து உள்ளே சிவப்பு வலை போட்டுக் கிடக்கும் ஜாதிபத்திரியை முதன்முதலாகப் பார்த்த மகிழ்ச்சி இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது.

சீனியர் பரீட்சை தேறியதும், உயிரியல் படித்துப் பட்டம் வாங்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். அழுவதற்கு ஆயத்தமாகத்தான் போனேன். அவர் அதற்கு இடம் வைக்கவில்லை.

"என்னா விலை?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த வழிகள் இரண்டு. கொழும்பில் படித்து, லண்டன் சர்வகலாசாலைப் பரீட்சை எழுதி அதன் பட்டம் வாங்கலாம். அதற்கு அரசாங்கத்தில் மதிப்பு அதிகம். ஆனால் விடுதிச் செலவும் அதிகம். நான் படிக்காத பௌதிகத்தையும் ரசாயனத்தையும் முதலில் ஆள் வைத்துப் படிக்க வேண்டும். மற்றது மதராஸ். அங்கே பெண்களுக்கென்றே கல்லூரிகள் இருந்தன. மரக்கறிச் சமையல், செலவும் குறைவு. ஆனால் தலைமன்னார் போய்க் கப்பலேற வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறைதான் வீடு. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே வேலை கேட்டால் ஒரு படி கீழேதான் நிறுத்துவார்கள் என்றும் பேச்சிருந்தது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "விலை சொல்லிட்ட. சரக்கு எப்பிடின்னு எங்க பாக்கிறது?" என்றார். கல்லூரியைக் கையில் கொட்டி ஊதிப் பார்க்க முடியாது. ஆகவே அந்த ஊர்களில் படித்து முடித்தவர்களைப் பார்ப்பது என்று தீர்மானித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரைச் சாப்பிட அழைத்துவிட்டார். ஒருவர் கொழும்பில் படித்த யாழ்ப்பாணத்து வாத்தியார். கண்டியில் ஆண்பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். மற்றவர் மதராஸில் படித்தவர், எங்களைப் போலவே இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். பேராதனையில் பயிர்ப் பூச்சிகளைப் பார்க்கிற அரசாங்கக் கந்தோரில் வேலை. இருவருக்கும் தாங்கள் எதற்காக வந்திருக்கிறோம் என்று தெரியாது. நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கூசிப் போனேன்.

பரிமாறிக்கொண்டிருந்த அம்மாதான் முதலில் கேட்டாள். "தவளையெல்லாம் அறுக்கணுமாமே?"

"ஓம் அம்மா. தவளை, கரப்பான், பிறகு முயலும் இருக்கு" என்றார் யாழ்ப்பாணத்தவர், கூட்டுக்கறியைப் பிசைந்துகொண்டே.

பேராதனைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அறுத்தேம்மா. முதல் நாள் சோறு எறங்கல."

அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினாள்.

சாப்பாடு முடிந்து இருவரும் கதிரையில் சாய்ந்ததும், அப்பா வண்டு விழுந்த அரிசியை ஒரு தட்டில் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "நான் வாங்கையில இதுல ஒரு வண்டு கெடையாது. குத்தூசி போட்டுப் பாத்துத்தான் எடுத்தேன். ஒரு மாசத்துல எங்கேருந்து வந்துச்சு?"

யாழ்ப்பாணத்தவர் தட்டைத் தொடவேயில்லை. "நீங்கள் வாங்கேக்கையே உள்ளுக்கை இருந்திருக்கும் ஐயா. தாய் வண்டு அரிசி மணியைத் துளைச்சு உள்ளுக்கை முட்டை வைச்சு மூடிப்போடும். உங்கடை ஊசிக்கு அது தெரியாது" என்றார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரக்கெடுக்கிறவர் என்று கடைத்தெருவில் பெயர் வாங்கியவர் அப்பா. அவர் முகம் சுருங்கிப் போயிற்று. பேராதனைக்காரர் பக்கம் திரும்பினார்.

"வயல்ல இருக்கிற நெல்லுப் பூச்சிதான் நான் பாக்கிறது. இது எனக்கு உறுதியாத் தெரியலங்க. ரெண்டு பிடி குடுங்க, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார் அவர்.

அடுத்த ஞாயிறே வந்தார். ஒரு தாளில் அரிசி மணிகளை வரிசையாகப் பிளந்து வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை அப்பாவிடம் நீட்டினார். மணிக்குள்ளே வெள்ளையாய்க் குண்டாய் ஒரு புழு சுருண்டு கிடந்தது. அப்பா வெகுநேரம் பார்த்தார். "உள்ளதான்யா இருந்திருக்கு!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். யாழ்ப்பாணத்தவர் உட்கார்ந்த இடத்தில் இருந்தபடி சொன்ன அதே பதில்தான் இது. பாவம், அந்த மனிதருக்கு ஒரு நன்றிகூடக் கிடைக்கவில்லை. மதராஸ் சரக்கே உயர்ந்தது என்று அப்பா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நானும் அந்தக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். ஒரு மணி அரிசிக்குள் ஒரு முழு வீடு. புழு ஏன் அந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறது, மூச்சு எப்படி விடுகிறது என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். மதராஸுக்குப் போய்விட்டேன் என்றே அந்த நேரத்தில் நினைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. தாளின்மேல் குனிந்திருந்த இரண்டு தலைகளைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

பேச்சோடு பேச்சாக விசாரித்து, அவர் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்தில் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்று அம்மா கண்டுபிடித்தாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள். "நாலு வருஷம் இவள கடல் தாண்டி அனுப்பி வாங்கப் போற அதே படிப்பு, வாசலுக்கே வந்திருக்கு. இன்னும் என்னா யோசனை?"

"அது அவரு படிச்சதும்மா. எனக்கு எப்பிடி வரும்?" என்றேன்.

"வீட்டுக்குள்ள வந்துட்டா எல்லாருக்கும்தானே?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பட்டம் என்பது அலுமாரி மாதிரி. வீட்டுக்கு வந்துவிட்டால் எல்லாருக்கும் பொது.

அப்பா சில நாள் கடைக் கணக்கையே புரட்டிக்கொண்டிருந்தார். தேயிலை விலை விழுந்து, தோட்டங்கள் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். அவருடைய அரிசியில் பாதிக்குமேல் தோட்டங்களுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் கடையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, ஒளிக்காம சொல்றேன். ஒன் படிப்புக்குன்னு வச்ச காசும் கல்யாணத்துக்குன்னு வச்ச காசும் வேற வேற இல்ல. ரெண்டும் ஒண்ணுதான். ஒனக்கு எது வேணும்?"

"படிப்பு."

"அவரப் பிடிக்கலையா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பொய் சொல்ல வரவில்லை. "பிடிச்சிருக்குப்பா" என்றேன். உடனே அழுகை வந்துவிட்டது. "ரெண்டும் வேணும்."

"ரெண்டுக்கும் கடை தாங்காதும்மா" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "படிப்பு எப்பவும் அங்கதான் இருக்கும். இந்த மாதிரி மாப்பிள்ளை நிக்காது." வியாபாரி நியாயம்தான். அவர் அதை முழுதாக நம்பினார். நான் சொன்ன இரண்டில் எது அவருக்குக் கேட்க வசதியாக இருந்ததோ, அது நடந்தது.

தை மாதம் கல்யாணம். நான் நன்றாகவே வாழ்ந்தேன், அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். பேராதனையில் எங்கள் சிறிய வீட்டில் அவருடைய புத்தகங்கள் எல்லாம் என் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தன. அவரே அப்படி அடுக்கி வைத்தார். அந்த முதல் வருஷங்களை நினைத்தால் இப்போதும் மனம் குளிர்ந்துவிடும்.

ஆனால் கல்யாணமான அதே வருஷத்து ஆனி மாதத்தை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவின் வீட்டுக்கு வந்துவிட்டு மாலை ரயிலில் நாங்கள் பேராதனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். என்னோடு வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்த தோழியும் கண்டி ஸ்டேஷனில் தகரப் பெட்டியோடு நின்றாள். அதே ரயில். அவள் பொல்காவலையில் மாறித் தலைமன்னார் போகிறாள், மதராஸில் உயிரியல் படிக்க. எங்களை வழியனுப்ப வந்த என் அப்பா, அவள் அப்பாவிடம் வழக்கம்போல எந்தக் கல்லூரி, எவ்வளவு என்று விசாரித்தார். கேட்டுவிட்டு, "நல்ல விலைக்குத்தான் கெடச்சிருக்கு" என்று கடைக் குரலில் சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, தண்டவாளத்தைப் பார்க்கத் தொடங்கினார். ரயில் புறப்படும்வரை அவர் திரும்பவேயில்லை.

தோழி என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஈரமாக இருந்தது. "பயமா இருக்குடி. நீயும் வாயேன்" என்றாள். அங்கே மிளகாய் நல்ல உறைப்பாம், வெயிலுக்கு மோர் குடி என்று எனக்குத் தெரியாத ஊருக்கு நான் புத்தி சொல்லிக்கொண்டு வந்தேன். பேராதனை வந்துவிட்டது. என் கணவர் கூடையை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கினார். நான் எழுந்திருக்கவில்லை. அவள் கையை விடவில்லை, நானும் விடவில்லை. கார்ட் விசில் ஊதினார்.

"எறங்கு, கோச்சி எடுக்கப் போறான்" என்று என் கணவர் கீழே நின்று கை நீட்டினார். நல்ல மனிதருடைய கை அது. அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.