மூத்த குளவிகள்

பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுகூடத்தில் நான் உதவியாளராகச் சேர்ந்தது சுனாமிக்கு முந்தின வருடம். அங்கே என் வேலைகளில் ஒன்று குளவிகளுக்கு, நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸ் பூசுவது. ஜன்னல் நிலையில் ஒரு குளவி கூடு கட்டத் தொடங்கியிருந்தது. எங்கள் விரிவுரையாளர் மிஸ் அதைக் கலைக்க விடவில்லை. பிறக்கும் ஒவ்வொரு குளவியின் முதுகிலும் ஒரு நிறப்பொட்டு வைத்து, எது எங்கே போகிறது, எது எதற்கு ஊட்டுகிறது என்று கொப்பியில் எழுத வேண்டும். இரண்டு தடவை கொட்டு வாங்கினேன். அப்படியும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

மிஸ்தான் சொன்னார். தனியே கூடு தொடங்கும் தாய்க்குளவி முதலில் பிறக்கும் பெண்களுக்கு அரைவயிற்றுக்குத்தான் ஊட்டுமாம். ஊட்டும் நேரம் உணர்கொம்புகளால் கூட்டை விடாமல் தட்டுமாம். அந்தப் பசியும் அதிர்வும் புழுவின் உடம்பில் ஏறிவிடும். அவை சின்னதாக வெளியே வந்து, முட்டையிடாமல், தாயோடு தங்கித் தங்கைகளை வளர்க்கும். பிந்திப் பிறப்பவற்றுக்கு ஊட்ட ஆள் இருக்கிறது, தட்டலும் குறைந்துவிடும். அவை கொழுத்து வந்து, பறந்துபோய்த் தாயாகும். முட்டையில் ஒரு வித்தியாசமும் இல்லை, எல்லாம் வளர்ப்புத்தான் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டிலும் அம்மா விடியமுன் அகப்பையால் பானை விளிம்பில் தட்டுவார். அது எனக்கான தட்டு. என்னைவிட ஒன்பது வயது இளைய தங்கை அந்தச் சத்தத்துக்குள்ளேயே தூங்குவாள். மீனில் நடுமுறி அவளுக்கு, தலையும் வாலும் எனக்கு. பால்மாத் தேத்தண்ணி அவளுக்கு, வெறுந்தேத்தண்ணி எனக்கு. இதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. பெரியவள் என்ற பெருமையில் வாலைச் சப்பிக்கொண்டிருந்தேன், மடைச்சி.

அந்தப் பெருமைக்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், அதிலும் தாய்வீடு மூத்தவளுக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வந்து இருப்பான். "இது உன்ர வீடு மகள், நீதான் பாக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே அம்மா என்னை எழுப்பினார்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணலில் இருந்த அந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. அப்பாவையும் கொண்டுபோனது. தண்ணீர் வந்த நேரம் அம்மா என்னைப் பார்த்துக் கத்தியது, தங்கச்சியைப் பிடி என்று மட்டும்தான். பிடித்தேன். அவளைப் பூவரசில் தூக்கி ஏற்றிய பிறகுதான் நான் ஏறினேன்.

பிறகு நிவாரணக்காரர்கள் வாவிக்கு அக்கரையில் அம்மாவின் பெயரில் ஒரு வீடு கட்டித் தந்தார்கள். சுவரும் கூரையும் அவர்கள் தந்தது. சுவர்ப் பூச்சும் கிணற்றுக்கட்டும் ஜன்னல் கம்பியும் என் சம்பளத்தில் வந்தவை. என் வீடுதானே என்று செய்தேன். கிரான் ஊரில் வயல் செய்யும் ஒருவருக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது, இப்போது சொல்வதில் என்ன வெட்கம். வீட்டு வேலை முடியட்டும் என்றார் அம்மா. அவர்கள் ஒரு போகம் வரை பொறுத்துவிட்டு வேறிடத்தில் முடித்துக்கொண்டார்கள்.

யுத்தம் முடிந்த மே மாதம் டவுனில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். வன்னியிலிருந்த பிள்ளையைப் பற்றி ஒரு சேதியும் வராத வீடுகள் எங்கள் ஒழுங்கையில் இருந்தன. ஆனாலும் நாலைந்து மாதத்தில் ஊரில் கலியாணப் பேச்சும் காணிப் பேச்சும் மெல்லக் கிளம்பிவிட்டன. ஒருநாள் அம்மா, நாளைக்கு லீவு போடு, வீட்டு உறுதிப் பத்திரம் எழுதவேண்டும் என்றார். நான் தலைக்கு முழுகி, இருந்ததில் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு நொத்தாரிசிடம் போனேன். அடையாள அட்டை கைப்பையில் இருக்கிறதா என்று வழியில் இரண்டுதரம் பார்த்தேன்.

தங்கையும் வந்திருந்தாள். நொத்தாரிசு உறுதியை வாசித்தார். நன்கொடை பெறுபவர் என்ற இடத்தில் தங்கையின் பெயர் வந்தது. என் பெயர் கடைசியில், சாட்சிகளில் இரண்டாவதாக இருந்தது. அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருப்பதும், அந்தப் பகுதியார் வீட்டைக் கேட்டிருப்பதும் எனக்கு அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் தெரிந்தது.

"என்னம்மா இது?" என்றேன்.

அம்மா குரலைத் தணித்தார். "அவள் ஏலாதவள் மகள். வீடில்லாட்டி அவளுக்கு வாழ்வில்ல. நீ எப்பிடியும் சமாளிப்பாய். உன்ன நான் அப்பிடித்தானே வளத்தன்."

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். முகத்தில் கள்ளமே இல்லை. கொஞ்சம் கள்ளம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குளவிமேல் கோபப்பட ஒன்றுமில்லை, அது எந்தப் பிள்ளைக்கும் வீடு தருவதாகச் சொல்லி ஊட்டுவதில்லை. என் தாய் சொல்லியிருந்தார். இருபது வருடம் சொல்லி, அந்த நம்பிக்கையிலேயே என்னை வேலை வாங்கியிருந்தார்.

தங்கை நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். நான் எழும்பிப் போயிருக்கலாம், கதவு திறந்துதான் கிடந்தது. நொத்தாரிசு பேனையை நீட்டினார். என் கை அதை வாங்கிக்கொண்டது. கையெழுத்து ஒரு நடுக்கமும் இல்லாமல் விழுந்தது. அம்மாவையாவது ஒருநாள் மன்னித்துவிடுவேன், அந்தக் கையை என்னால் மன்னிக்க முடியவில்லை.